பேய் வருவதற்கு முன்னால் சொல்லிவிடு

கடைக்கு வருகிற பையன்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "சேச்சீ, இப்பவும் பேய் கேம் ஆடுறீங்களே, பேடி இல்லையா?" பேடி என்றால் இங்கே கேரளத்தில் பயம். என் அக்கா செத்துப்போனதை மனதில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். அதை நேராகக் கேட்க அவர்களுக்கு வாய் வராது. நானும் சிரித்துவிட்டு மீதிச் சில்லறையைக் கொடுத்து அனுப்பிவிடுவேன். அவர்களுக்குச் சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன். கூடவே, எலிக்காய்ச்சல் என்றால் என்ன, அது வந்தவரோடு ஆஸ்பத்திரியில் இருப்பது எப்படி என்பதையும் எழுதிவிடுகிறேன். எங்களுக்கு அதை யாரும் முன்னாலேயே சொல்லவில்லை.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். படித்ததும் மலையாளத்தில்தான். தமிழ் எழுத்து அப்பா சொல்லிக்கொடுத்தது. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு மட்டாஞ்சேரியில், ஓடையை ஒட்டின வரிசையில் இருக்கிறது. அப்பாவுக்குக் கார்ப்பரேஷனில் ஓடை சுத்தம் செய்கிற வேலை. அக்கா தேவி, என்னைவிட மூன்று வயது மூத்தவள், தோப்பும்படியில் இறால் உரிக்கிற ஷெட்டுக்குப் போவாள். நான் பள்ளுருத்தியில் ஷாஜி சேட்டனின் இன்டர்நெட் கடையில் உட்காருவேன். ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு பையன்களைக் கம்ப்யூட்டரில் விடுவது என் வேலை. அவர்கள் எல்லாரும் துப்பாக்கி கேம் ஆடுவார்கள். மத்தியானம் ஆள் இருக்காது. அப்போது நான் ஆடுவேன்.

எனக்குப் பிடித்தது பேய் கேம். அதிலும் பேய் அதிகம் வராத கேம். இதைப் பையன்களுக்குப் புரியவைக்கவே முடிவதில்லை. பேயைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே நிறுத்தி, கையில் துப்பாக்கியையும் கொடுத்துவிட்டால் அப்புறம் என்ன பயம்? குண்டு இருக்கிறதா என்கிற கவலைதான் இருக்கும். நல்ல பேய் கேமில் கையில் ஒன்றும் இருக்காது. நீளமான வராந்தா, எரிந்து எரிந்து அணைகிற டியூப் லைட், எங்கேயோ தண்ணீர் சொட்டுகிற சத்தம். நடக்க வேண்டும், அவ்வளவுதான். முதலில் காது பயப்படும், பிறகுதான் கண். அதனால் எந்தக் கேமையும் ஹெட்ஃபோன் இல்லாமல் ஆடிவிட்டு "இது கொள்ளாது", நன்றாக இல்லை, என்று சொல்பவனை நான் மதிப்பதில்லை.

இன்னொன்று. நல்ல பேய் கேமில் நடுநடுவே ஒரு சின்ன அறை வரும். விளக்கு எரியும். மெதுவான பாட்டு கேட்கும். அங்கே பேய் வராது. அதுவரை ஆடினதைப் பத்திரப்படுத்திக்கொள்ளலாம். அந்த அறைக்குள் நுழைகிறபோது வருகிற நிம்மதி இருக்கிறதே, அதை வேறு எந்தக் கேமும் கொடுக்காது. பூச்செடி வளர்க்கிற கேம், மீன் தொட்டி கேம், கேக் கடை கேம், இதெல்லாம் மனதுக்கு இதம் என்று சொல்கிறார்கள். வெளியே இருட்டே இல்லை என்றால் உள்ளே விளக்கு எதற்கு என்பது என் கட்சி.

அக்கா கட்சி வேறு. ஞாயிற்றுக்கிழமை ஷெட் லீவு. சோறு உண்டுவிட்டுக் கடைக்கு வருவாள். அவளுக்குக் கேக் கடை கேம்தான் உயிர். அந்தக் கேமை ஒரு மணி நேரம் இனாமாக ஆடலாம், அதற்கு மேல் காசு கட்டச் சொல்லும். ஷாஜி சேட்டன் அடிக்கடி கம்ப்யூட்டரைத் துடைத்துப் புதிதாக எல்லாவற்றையும் ஏற்றுவார். அப்போது அந்த ஒரு மணி நேரம் திரும்பவும் கிடைக்கும். அதனால் அக்கா எப்போதும் கேக் கடை திறந்த முதல் சில நாட்களையே ஆடிக்கொண்டிருப்பாள். கேமுக்குள் அடுத்த தெருவில் பெரிய கடை உண்டு, அங்கே அவள் போனதே இல்லை.

அந்தக் கேமில் வந்து நிற்கிறவர்கள் தலைக்கு மேல் சின்னச் சின்ன இதயம் வரைந்திருக்கும். காக்கவைத்தால் ஒவ்வொன்றாகக் குறையும். எல்லாம் போய்விட்டால் கோபித்துக்கொண்டு வெளியே நடந்துவிடுவார்கள்.

"இது கேமா, ஷெட் வேலையா?" என்று நான் கிண்டல் பண்ணுவேன்.

"போடி. எங்க சூப்பர்வைசர் தலைக்கு மேல இந்த மாதிரி இதயம் தெரிஞ்சா நானும் பார்த்து நடந்துப்பேன். அந்தாளு எப்ப வெடிப்பான்னே தெரியாதில்லே."

அவள் ஆடி முடித்ததும் என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து நான் பேய் கேம் ஆடுவதைப் பார்ப்பாள். என் முழங்கையைப் பிடித்துக்கொள்வாள். ஆனால் ஒரு நிபந்தனை. நான் அந்த இடத்தை வார நாளிலேயே தனியாக ஆடிப் பார்த்திருக்க வேண்டும். பேய் வருவதற்கு முன்னால் அவளிடம் சொல்லிவிட வேண்டும். "அக்கா, கதவு தொறந்ததும் இடது பக்கம். இப்ப." உடனே விரல்களால் கண்ணை மூடிக்கொண்டு, விரல் சந்து வழியாகப் பார்ப்பாள். "பேயைக் கண்டா எனக்கு ஒண்ணும் இல்லடி. சொல்லாம வர்றதுதான்" என்பாள்.

அந்த மழைக்காலத்தில் ஓடை பொங்கி வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. எங்கள் வரிசைக்கு இது புதிது இல்லை. கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொள்வோம், வடிந்ததும் கழுவிவிடுவோம். எலியின் மூத்திரம் கலந்த தண்ணீர், காலில் சின்னக் கீறல் இருந்தாலும் போதும், அது வழியாகக் கிருமி உள்ளே போய்விடும். அதுதான் எலிக்காய்ச்சல். இங்கே எலிப்பனி என்பார்கள். இறால் உரிக்கிறவர்கள் கையில் கீறல் இல்லாத நாள் கிடையாது.

எலிக்காய்ச்சல் என்கிற பெயர் எங்கள் வீட்டுக்குத் தெரியாதது இல்லை. நன்றாகத் தெரியும். அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் அதில்தான் போனார். ஒவ்வொரு மழைக்கும் அப்பாவுக்கு வேலையிடத்தில் வாரா வாரம் மாத்திரை கொடுப்பார்கள். அவர் சாப்பிட்டாரா என்று அம்மா வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாள். ஆனால் அது அப்பாவின் நோய். ஓடையில் இறங்குகிறவருக்கு வருகிற நோய். ஓடை எங்கள் கட்டிலுக்குக் கீழே வந்து நின்றபோதுகூட அது எங்களுக்கும் வரும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மாத்திரை அலமாரியில் இருந்தது. நாங்கள் நான்கு பேரும் ஒரே தண்ணீரில் நடந்தோம்.

அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. கெண்டைக்கால் வலிக்கிறது என்று அழுதாள். நாள் முழுக்க ஷெட்டில் நிற்கிறவளுக்குக் கால் வலிப்பது ஒரு செய்தியா? காய்ச்சல் மாத்திரை வாங்கிப் போட்டோம். கண் சிவந்தது. அப்புறம் மஞ்சளாயிற்று.

எங்கள் பக்கம் கண் மஞ்சளானால் அது மஞ்சள் காமாலை. மஞ்சள் காமாலைக்கு இங்கிலீஷ் மருந்து கிடையாது, பச்சிலைதான். இது எல்லாருக்கும் தெரிந்த சட்டம் மாதிரி. ஆலுவாவுக்கு அப்பால் ஒரு வைத்தியர் இருக்கிறார். அங்கே அழைத்துப்போனோம். பச்சிலையை அரைத்துப் பாலில் கொடுத்தார். உப்பு கூடாது, எண்ணெய் கூடாது என்றார். "மூத்ரம் குறைஞ்சால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றும் சொன்னார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். மூத்திரம் குறைந்தது. உப்பில்லாத கஞ்சியை அவள் குடிப்பதே இல்லை, அப்புறம் எங்கிருந்து வரும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். மஞ்சள் நோய்க்கு உப்பை நிறுத்தி நிறுத்திப் பழகின வீடு, வேறு எப்படி நினைக்கும்?

ஒரு காலையில் அக்காவின் முகமும் காலும் வீங்கியிருந்தது. மூச்சு வாங்கியது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு பாலம் தாண்டி எறணாகுளத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

கேஷுவாலிட்டியில் ஒரு டாக்டரம்மா. சின்ன வயதுதான், என் வயதைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். அக்காவின் கெண்டைக்காலை அமுக்கினார், அக்கா கத்தினாள். கண்ணை விரித்துப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்துக் கேட்டார். "வீட்டுக்குள்ள வெள்ளம் கேறியோ?" தண்ணீர் ஏறினதா என்று. அம்மா ஆமாம் என்றாள். "அச்சனுக்கு என்ன பணி?" அப்பாவுக்கு என்ன வேலை என்று.

அப்பா இருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அந்தக் கேள்வியிலேயே புரிந்துவிட்டது.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் டாக்டரம்மா எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். நமது ரத்தத்தில் கிரியாட்டினின் என்று ஒரு கழிவு உண்டு, சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியே தள்ளும். அக்காவுக்கு அது ஏறிப்போய்விட்டது, சிறுநீரகம் நின்றுவிட்டது. ஈரலையும் நோய் பிடித்திருக்கிறது, மஞ்சள் அதனால்தான். ஊசி போடுவோம். டயாலிசிஸ் செய்வோம், அதாவது ரத்தத்தை வெளியே எடுத்து ஒரு மிஷினில் கழுவித் திரும்ப உள்ளே விடுவது. "சிலருக்குக் கிட்னி தானே திரும்பி வரும். மூத்ரம் வரணும். அதைத்தான் நாம நோக்கி இருக்கணும்." எங்கள் மூன்று பேருக்கும் மாத்திரை எழுதிக்கொடுத்தார். அம்மாவும் நானும் அன்றைக்குத்தான் அதை முதல் தடவையாகச் சாப்பிட்டோம்.

வெளியே வந்ததும் அம்மா எங்கள் இரண்டு பேர் கையையும் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். "அவகிட்ட ஒருத்தரும் மூச்சு விடக்கூடாது. மஞ்சப்பித்தம்தான், மருந்து ஏத்துறாங்க, ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போயிரலாம். அவ்வளவுதான் சொல்லணும். என்மேல ஆணை." அப்பா தலையாட்டினார். நானும் ஆட்டினேன். எங்கள் ஆட்கள் எல்லாரும் இப்படித்தான். சாகக்கிடக்கிறவருக்கு மட்டும் விஷயம் தெரியாது, தெருவுக்கே தெரியும்.

கேரளத்து ஆஸ்பத்திரியில் நோயாளியோடு இருக்கிறவருக்கு 'பைஸ்டாண்டர்' என்று பெயர். கழுத்தில் ஒரு அட்டை மாட்டிவிடுவார்கள். "இருபத்திநாலாம் பெட் பைஸ்டாண்டர்!" என்று கூப்பிட்டால் ஓட வேண்டும். ரத்தம் கொண்டுபோ, சீட்டு வாங்கி வா, மருந்துக்குக் காசு கட்டு. ஷாஜி சேட்டன் முன்பணம் கொடுத்தார், ஷெட்டில் பெண்கள் காசு சேர்த்துக் கொடுத்தார்கள், அம்மாவின் கம்மல் போயிற்று. அதைப் பற்றி எழுதப்போவதில்லை. எல்லார் வீட்டிலும் அப்படித்தான்.

டயாலிசிஸ் அறைக்கு வெளியே நீளப் பெஞ்சு. அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்கு முதல் தடவை கேக் கடை கேம் பயங்கரமாகத் தெரிந்தது. ஒவ்வொருவர் தலைக்கு மேலும் அந்த இதயங்கள் தெரிகிற மாதிரி இருந்தது. ஒருவர் எழுந்து உள்ளே போய்விட்டு வருவார், ஒன்று குறைந்திருக்கும். டாக்டர் கதவைத் திறந்து வேறு ஒருவர் பெயரைச் சொல்வார், எல்லாருக்கும் ஒன்று குறையும். அக்கா அந்தக் கேமில் காத்துக்கிடக்கிறவர்களைப் பார்த்துச் சிரிப்பாள். கோபித்துக்கொண்டு நடப்பவருக்கு டாட்டா காட்டுவாள். இங்கே கோபித்துக்கொண்டு நடக்க எங்களுக்கு வேறு கடை இல்லை.

மாடிப்படி திரும்புகிற இடத்தில் ஒரு பெரிய ஜன்னல். பைஸ்டாண்டர்கள் துணி காயப்போடுவது, பொட்டலம் பிரித்துச் சாப்பிடுவது, போனில் அழுவது எல்லாம் அங்கேதான். நர்சுகள் கண்டும் காணாமல் போவார்கள். அங்கே போய் நின்றால் கொஞ்ச நேரம் யாரும் கூப்பிட மாட்டார்கள். பேய் கேமில் வருகிற அந்த விளக்கு அறை மாதிரி. ஒரு வித்தியாசம், இங்கே எதையும் பத்திரப்படுத்தி வைக்க முடியாது.

இரண்டாவது டயாலிசிஸுக்கு அப்புறம் அக்காவுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. ஷாஜி சேட்டன் தன் பழைய போனைக் கொடுத்தனுப்பியிருந்தார். அதில் மீன் தொட்டி கேம் இருந்தது. தீனி போட வேண்டும், தண்ணீர் மாற்ற வேண்டும். அவளுக்குப் பிடிக்குமே என்று கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"வேண்டாண்டி. நான் தூங்கிட்டா இது பட்டினி கெடக்கும்."

"அது கேம்தானேக்கா."

"உன் பேயே தேவலை. நாம கேமை மூடினா அதும் அங்கேயே நிக்கும். எத்தனை நாள் ஆனாலும் நிக்கும். யாரையும் தொந்தரவு பண்ணாது. உன் பேயைச் சொல்லு, கேப்போம்."

அவள் என் கட்சிக்கு வந்துவிட்டாள். எனக்கு அப்போது சிரிப்பு வந்தது. ஒரு பெண் தன் அண்ணனைத் தேடி மூடிப்போன சினிமாக் கொட்டகைக்குள் போகிற கேம் ஒன்று உண்டு, அவள் பார்க்காதது. அதை வாயால் சொல்ல ஆரம்பித்தேன். சீட்டுகள் தானே மடங்கும் சத்தம், திரைக்குப் பின்னால் செருப்புச் சத்தம், எல்லாம் சத்தத்தோடு. இடம் வருகிறபோது "இப்ப" என்பேன். அவள் கண்ணை மூடிக்கொள்வாள்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு உம்மா, வயதான முஸ்லிம் அம்மா, சர்க்கரை நோயில் கால் புண்ணாகிப் படுத்திருந்தவர். "எடீ மோளே, சுகமில்லாத பெண்ணைப் பேய்க்கதை சொல்லிப் பேடிப்பிக்கிறியா? வல்ல நல்ல காரியமும் பற" என்று திட்டினார். நல்லதாக ஏதாவது சொல்லு என்று. மறுநாள் காலையில் நான் உள்ளே வந்ததும் அவரே, "பாக்கி எவிடே? அவள் டிக்கெட் கவுண்டருக்குள்ள போனாளே, பின்னெ என்னாச்சு?" என்றார். கதை முடிந்த நாளில் கோபம் வந்துவிட்டது. "அப்ப அண்ணன் கிட்டலையா? கிட்டாத ஆளுக்காக இவ்வளவு நடந்தாளா? எந்தக் கழுதை உண்டாக்கின கேம் இது?" அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தால் அவளுக்கு மூச்சு வாங்கும், ஆனாலும் சிரித்தாள்.

அன்றைக்கு அம்மா துணி அலசப் போனபோது அக்கா என் முழங்கையைப் பிடித்தாள்.

"இதை நீ முன்னாடி ஆடிப் பார்த்திருக்கியா?"

"எதை?"

"இதைத்தாண்டி. என்னோடதை. இந்தக் கட்டில், ஊசி, மிஷினு. இது எங்க போகுது?"

"மஞ்சப்பித்தம்க்கா. ரெண்டு நாள்ல..."

"மஞ்சப்பித்தத்துக்கு ரத்தம் கழுவுவாங்களா? இந்த உம்மாகூட என்னைப் பார்த்துட்டு அந்தப் பக்கம் திரும்பிக்குது. அம்மா ஆணை வாங்கியிருப்பா. அவ வாங்கட்டும். எனக்கு இப்ப ஒண்ணும் சொல்ல வேண்டாம். ஆனா வர்றதுக்கு முன்னாடி சொல்லிரு. சொல்லாம மட்டும் விட்டுராதே."

சரி என்று சொன்னேன். நான் எந்த இருட்டுக்குள்ளும் அவளுக்கு முன்னால் போய்விட்டு வந்தவள். இதற்குள் மட்டும் அவள்தான் முன்னால் நடக்கிறாள். நான் பின்னால் நிற்கிறேன். அம்மாவின் தலைமேல் வைத்த கை ஒரு பக்கம், இவளுக்குக் கொடுத்த வார்த்தை ஒரு பக்கம்.

மூத்திரத்தை அளக்க ஒரு பிளாஸ்டிக் ஜக் கொடுத்திருந்தார்கள். காலையில் டாக்டரம்மா அதைத்தான் முதலில் பார்ப்பார். அடியில் கொஞ்சமாகக் கறுப்பாகக் கிடக்கும். ஒரு நாள் ஜக்கில் கால்வாசி வந்தது. மறுநாள் பாதிக்கு மேல் வந்தது. அம்மா அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நர்சிடம் ஓடினாள், கோயில் தீர்த்தம் மாதிரி. டாக்டரம்மா சிரித்தார். கிட்னி திரும்புகிறது என்றார். அம்மா கான்டீனில் லட்டு வாங்கி வந்து வார்டு முழுக்கக் கொடுத்தாள்.

"யா ரப்பே, மூத்ரத்துக்கு லட்டு கொடுக்கிற கூட்டத்தை நான் முதல் தடவை காணுறேன்" என்றார் உம்மா. சர்க்கரை நோய்க்காரி, ஆனால் பாதியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். "இன்னிக்கு ஒரு நாள். படைச்சவன் பொறுத்துக்குவான்."

அப்பா அன்றைக்குத்தான் வேலைக்குப் போனார்.

மறுநாள் காலையில் அக்கா இருமினாள். அம்மா துண்டால் துடைத்தாள். துண்டில் ரத்தம். பாக்கு எச்சில் மாதிரிப் பிரகாசமாக இருந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள். மூக்கில் ஆக்சிஜன் வைத்தும் மூச்சு இழுத்தது. டாக்டரம்மா என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டார். அப்பா இல்லை, அம்மா கட்டிலை விட்டு நகரவில்லை. வேறு ஆள் இல்லை.

இந்த நோய் ஒரே வழியில் போகாது என்றார். கிட்னி தேறி வருகிறபோதே நுரையீரலுக்குள் ரத்தம் கசியலாம். அக்காவுக்கு அது தொடங்கிவிட்டது, வேகமாக இருக்கிறது. ஐ.சி.யூ.வுக்கு மாற்றி, தொண்டைக்குள் குழாய் விட்டு மிஷினால் மூச்சு கொடுக்க வேண்டும். வாயில் இனி ஒன்றும் கொடுக்கக் கூடாது. "ட்யூப் போட்டால் பேச ஒக்காது. என்னமாவது பேசணும்னா இப்ப பேசிக்கோ. ட்ராலி வருது."

"பொழைச்சுக்குவாளா டாக்டர்?"

அவர் என் தோளைத் தொட்டார். "அறியில்ல" என்றார். தெரியாது என்று. அப்படிச் சொன்னதற்காக இன்றைக்கும் அவரை எனக்குப் பிடிக்கும்.

நான் கட்டிலுக்குப் போனேன். அம்மா அக்காவின் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "சளிதாண்டி, சளி உடையுது, நல்லதுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அம்மா, எனக்குக் கட்டன் சாயா வேணும்" என்றாள்.

பால் இல்லாத டீ. வந்ததிலிருந்து அவள் எதையும் கேட்டது இல்லை. அம்மாவின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "இப்பவா? கொஞ்சமாத்தான் குடிக்கணும், கேட்டியா?"

"ஒரு வாய் போதும். சூடா வேணும். நீயே போய் வாங்கிட்டு வா. இவ ஆற வெச்சுருவா."

அம்மா செருப்பு மாட்டாமலே போனாள். வாயில் ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். நான் தடுக்கவில்லை.

"சொல்லு" என்றாள் அக்கா.

சொன்னேன். "நெஞ்சுக்குள்ள ரத்தம் கசியுதுக்கா. தொண்டையில குழாய் போடப் போறாங்க. போட்டா பேச முடியாது. அதுக்கு அப்புறம் என்னன்னு டாக்டருக்கே தெரியலை."

"செத்துருவேனா?"

"இருக்கலாம்."

"வலிக்குமா?"

"மயக்க மருந்து குடுத்துத்தான் போடுவாங்களாம்."

பக்கத்தில் உம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு அக்கா, "சரி. அம்மா வர்றதுக்குள்ள தள்ளிட்டுப் போகச் சொல்லு" என்றாள். "அவ பார்க்க வேண்டாம். அவளால தாங்க முடியாது."

ட்ராலி வந்தது. நான் கூடவே ஓடினேன். லிஃப்டுக்குள் அவள் மேலே எரிகிற விளக்கைப் பார்த்துக்கொண்டே போனாள். கண்ணை மூடவில்லை. ஐ.சி.யூ. கதவில் என்னை நிறுத்திவிட்டார்கள்.

அதற்கப்புறம் சில நாள். கண்ணாடி வழியாகப் பார்ப்பது, சாயங்காலம் ஒருவரை மட்டும் உள்ளே விடுவது. அம்மாவைத்தான் அனுப்பினோம். அவள் உள்ளே போய்ப் பேசிக்கொண்டே இருப்பாள். கேட்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. அந்த வராந்தாவில் உட்கார்ந்து நான் யோசித்தேன். பேய் கேமை யாரோ ஒரு ஆள் உட்கார்ந்து செய்திருக்கிறான். இருட்டை வைத்த ஆளே எங்கேயோ ஒரு கதவையும் வைத்திருப்பான். சாவி எங்கோ ஒரு மேஜைக்குள் இருக்கும். கிடைக்கவில்லை என்றால் நாம் சரியாகத் தேடவில்லை என்று அர்த்தம். அது எவ்வளவு இரக்கமான ஏற்பாடு! இந்த வராந்தாவை யாரும் செய்யவில்லை. நாங்கள் எவ்வளவு தேடினாலும் இதில் ஒன்றும் ஒளித்துவைத்திருக்கவில்லை.

ஒரு காலையில் டாக்டரம்மா வெளியே வந்து, எங்களை உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னதிலேயே தெரிந்துவிட்டது.

பையன்களுக்குப் பதில் இதுதான். பேய் கேம் எனக்குப் பயம் இல்லை. மத்தியானத்தில் இப்போதும் ஆடுகிறேன். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு அந்த வராந்தாக்களில் நடக்கும்போது மனது கொஞ்சம் அடங்குகிறது. என்னால் திறக்கவே முடியாதது அந்தக் கேக் கடைதான். ஷாஜி சேட்டனிடம் சொல்லி அதை எடுத்துவிடச் சொன்னேன். அந்தப் பாட்டு, அந்த மஞ்சள் வெளிச்சம், வந்து நிற்கிறவர்கள் முகத்தில் அந்தச் சிரிப்பு. இதமான கேம் என்று யாராவது சொன்னால் எழுந்து வெளியே போய்விடுகிறேன். வீட்டில் யாருக்காவது மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து, கெண்டைக்கால் வலித்து, கண் சிவந்தால் பச்சிலைக்குப் போகாதீர்கள். ரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள். ஓடையில் இறங்கின ஆளுக்கு மட்டும்தான் என்று இருக்காதீர்கள்.

காரியம் எல்லாம் முடிந்து ஒரு நாள், அப்பா வேலைவிட்டு வந்து வெளிக்குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தார். நான் குடத்தோடு நின்றிருந்தேன். அவர் என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"அவளுக்குத் தெரியுமா?"

"சொன்னேன்ப்பா."

அம்மா தலைமேல் வைத்த ஆணைக்குத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் இன்னொரு காலைக் கழுவினார். "என்ன சொன்னா?"

"அம்மா வர்றதுக்குள்ள கொண்டுபோகச் சொன்னா."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. "அப்ப அந்தச் சாயா?"

"அம்மாவை அனுப்பறதுக்குத்தான்."

அப்பா குழாயை மூடினார். "நல்லது பண்ணினே" என்றார். கொஞ்சம் கழித்து, "அம்மாகிட்ட சொல்லிராதே" என்றார்.

உள்ளே துக்கம் விசாரிக்க யாரோ வந்திருந்தார்கள். அம்மா சொல்லிக்கொண்டிருப்பது வெளியே கேட்டது. வருகிற எல்லாரிடமும் அவள் அதைத்தான் சொல்வாள். கடைசியில் பிள்ளை வாய் திறந்து ஒன்று கேட்டாளே என்று. கான்டீனில் எவ்வளவு கூட்டம் என்று. எல்லாரையும் தள்ளிக்கொண்டு முன்னால் போய் வாங்கி, லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியேறி ஓடினதை.

"அவ்வளவு சூடு, கை பொத்துப்போச்சு. ஒரு சொட்டுகூடச் சிந்தாமக் கொண்டாந்தேன்" என்றாள் அம்மா.